மருந்து வெளியேறும் வாயில்

1941-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் தேதி, இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து ராட்கிளிஃப் மருத்துவமனையில், முகமெங்கும் சீழ் பிடித்து, ஒரு கண்ணையும் இழந்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்த ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பெனிசிலின் என்னும் புதிய ஔஷதத்தை ஊசியின் வழியே செலுத்தினார்கள். காய்ச்சல் தணிந்தது; ஆகாரத்தில் விருப்பம் உண்டாயிற்று. ஆனால் அன்று தயாரித்து வைத்திருந்த பெனிசிலின் முழுவதும் ஒரு மனிதரின் சிகிச்சைக்கே போதாமல் இருந்தபடியால், ஃப்ளோரி என்ற விஞ்ஞானியின் குழுவினர் அவர் கழித்த சிறுநீரைச் சேகரித்து, சைக்கிளில் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று, அதில் கலந்திருந்த மருந்தைப் பிரித்தெடுத்து, மறுபடியும் அவருக்கே செலுத்தினார்கள். அப்படியும் சில தினங்களில் கையிருப்பு தீர்ந்துவிட, நோய் மீண்டும் மூண்டு, மார்ச் 15-ஆம் தேதி அவர் காலமானார்.

பெனிசிலினின் சரித்திரத்தில் ஒரு துயரமான அத்தியாயமாகவே இந்த நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். எனக்கோ இதில் வேறொரு பாடம் முக்கியமாகப் படுகிறது. மருந்து என்பது உடம்புக்குள் சென்று, நோயைத் தீர்த்துவிட்டு, அங்கேயே இல்லாமற் போய்விடும் பொருள் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. உட்சென்ற ஒவ்வொரு மருந்தும் ஏதேனும் ஒரு வாயிலால் வெளியேறியாக வேண்டும். சிலவற்றைக் கல்லீரல் சிதைத்து அனுப்புகிறது. பெனிசிலினைப் போன்ற பலவற்றைச் சிறுநீரகங்கள் இரண்டுமே வடித்து வெளியேற்றுகின்றன. ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக விட்டு, மற்றதையெல்லாம் உடம்புக்கே திருப்பித் தந்துவிடுகின்றன. வைத்தியர் "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்று எழுதித் தரும் கணக்கு, இந்த மகத்தான வேலை தடையின்றி நடக்கிறது என்ற நம்பிக்கையின் பேரில் வகுத்த கணக்கு.

ஏரிக்கு வரும் கால்வாயில் நீர் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருக்க, உபரி நீர் போக வேண்டிய கலங்கல் மட்டும் தூர்ந்து போனால் என்ன ஆகும்? நேற்று வந்த நீர் வடியுமுன் இன்றைய நீர் வந்து சேர, கரை கண்ணுக்குத் தெரியாமல் இளகி ஒரு நாள் உடையும். சிறுநீரகம் தளர்ந்தவர் மற்றவர்களுக்கு உரிய அளவில் மாத்திரை உண்ணும்போது அவர் சரீரத்தில் நடப்பது இதுதான். மருந்து விஷமாவது மருந்தின் குற்றத்தால் அன்று. அது போகும் வழி அடைபட்டதால்.

அந்த வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? கிரியேட்டினின் என்பது நம்முடைய தசைகள் நாள்தோறும் வெளிவிடும் ஒரு கழிவு. சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் ஏறும். ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் அடைவது பெரும்பிழை. உடல் வற்றிய முதியவர்களிடம் தசை குறைவு. ஆகவே அவர்களிடம் கிரியேட்டினினும் குறைவாகவே உண்டாகிறது. கானடாவைச் சேர்ந்த காக்கிராஃப்ட், கால்ட் என்னும் இரு வைத்தியர்கள் 1976-இல் வெளியிட்ட சூத்திரம் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அதன்படி, கிரியேட்டினின் 1.2 என்று வந்த 25 வயது, 70 கிலோ எடையுள்ள ஒரு வாலிபனுக்குச் சிறுநீரகங்கள் வடிக்கும் அளவு நிமிஷத்துக்குச் சுமார் 93 மில்லி லிட்டர். அதே 1.2 என்ற எண் வந்த 75 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டிக்கோ வெறும் 29. சோதனைச் சீட்டில் இருவருக்கும் இயல்பென்றோ இயல்பை ஒட்டியதென்றோ ஒரே குறிப்புதான் வரும். ஆனால் பாட்டிக்கு மூன்றில் இரண்டு பங்கு வழி அடைபட்டுவிட்டது என்பதை அந்தக் குறிப்பு சொல்லாது.

இப்போதெல்லாம் பல ஆய்வுக்கூடங்கள் இவ்வகைக் கணக்கைத் தாமே செய்து, ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற தலைப்பில் ஓர் எண்ணைச் சீட்டில் அச்சிட்டுத் தருகின்றன. அது 90-க்கு மேல் இருப்பது நலம். 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 30-க்குக் கீழே இறங்கினால் எத்தனையோ மருந்துகளின் அளவை மாற்ற வேண்டும், சிலவற்றை அறவே விட வேண்டும். 15-க்குக் கீழே என்றால் சிறுநீரகம் செயலிழந்ததாகவே வைத்தியர்கள் கொள்வார்கள். நோயாளியும் அவருடைய குடும்பத்தாரும் தங்கள் வீட்டுக் கதவு எண்ணைப்போல் நினைவில் வைத்திருக்க வேண்டிய எண் இது.

மருந்துகளிலெல்லாம் நான் முதன்மையாக அஞ்சுவது, வைத்தியரைக் காணாமலே மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைத்தான். "அண்ணே, முழங்கால் குத்துது, ரெண்டு மாத்திரை குடுங்க" என்று நிற்பவரிடம் கடைக்காரர் சிறுநீரகத்தைப் பற்றி விசாரிப்பது அபூர்வம், நிற்பவரும் சொல்வதில்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம், நிமசுலைட் என்று பெயர்கள் பலவாயினும் இவற்றின் செய்கை ஒன்றே. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களை இவை தடுக்கின்றன. அதே பொருள்கள்தாம் தளர்ந்த சிறுநீரகத்துக்குள் இரத்தம் வரும் நுண்குழாயை விரித்துவைத்துக் காப்பவை. மாத்திரைக்கு ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்கத் தெரியாது. நோயாளி இரத்தக் கொதிப்புக்காக டெல்மிசார்ட்டான் அல்லது எனலாப்ரில் போன்ற ஒன்றையும், கால் வீக்கத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை ஒன்றையும் ஏற்கெனவே உண்பவராக இருந்துவிட்டால் ஆபத்து மூன்று பக்கமிருந்தும் சூழ்கிறது. ஒன்று இரத்தத்தின் நீரைக் குறைக்கிறது. ஒன்று இரத்தம் வெளியேறும் வாயிலைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைத் தணிக்கிறது. வலி மாத்திரையோ உள்வரும் வாயிலையே குறுக்கிவிடுகிறது. அந்த நிலையில் சிலருக்குச் சில நாட்களிலேயே சிறுநீர் குறைந்து உடம்பு ஊதத் தொடங்கும்.

வலி மருந்தின் பழக்கம் ஓர் ஊரையே எப்படி வாட்டும் என்பதற்கு ஸ்வீடன் தேசத்தில் ஹுஸ்க்வார்னா என்ற தொழில் நகரம் சாட்சி. 1918-இல் உலகை உலுக்கிய இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலின்போது, அவ்வூர் வைத்தியர் யோர்டான் என்பவர் ஃபெனாசிட்டின் கலந்த ஒரு தூளைக் கொடுத்தார். காய்ச்சல் போயிற்று, தூள் போகவில்லை. தொழிற்சாலை ஊழியர்கள் களைப்புக்கும் தலைவலிக்கும் அதை நாள்தோறும் உண்டு வந்தார்கள். ஆண்டுகள் பல கழிந்தபின், அவர்களில் எத்தனையோ பேர் சிறுநீரகம் கெட்டு மடிந்ததற்குக் காரணம் அத்தூளே என்று ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஃபெனாசிட்டின் பின்னர் பல தேசங்களில் தடை செய்யப்பட்டது.

நம் நாட்டிலும் ஒரு சாட்சி உண்டு. அது மனிதரல்ல, பறவை. வலிக்காக டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு இறந்து, அதன் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்மையாகப் படிந்து, அவை கூட்டங்கூட்டமாக மாண்டன. காரணம் 2004-இல் துலங்கிற்று; 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை இந்தியா தடை செய்தது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியிருக்கும் பாறுகளைப் பார்ப்பவர்கள் இந்தக் கதையையும் நினைத்துக்கொள்ளட்டும். பறவைக்கும் மனிதனுக்கும் பேதம் உண்டு, அதே அளவு மருந்து நம்மை அப்படிக் கொன்றுவிடாது என்பது மெய்; ஆனால் எந்த உறுப்பின்மேல் அதன் கை விழுகிறது என்பதில் சந்தேகமில்லை. வைத்தியர் சொன்ன அளவில் பாரசிட்டமால் இவற்றினும் பாதுகாப்பானது. அதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: பாரசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக்கும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் கடைகளில் ஏராளம், அட்டையின் பின்புறத்தை வாசிக்காமல் வாங்கலாகாது.

நீரிழிவுக்காரர்களின் விஷயம் இதைவிட நுட்பமானது. பல்லாண்டுகளாகச் சர்க்கரை அடங்காமல் இன்சுலினை ஏற்றிக்கொண்டே வந்த ஒருவருக்குத் திடீரென்று சர்க்கரை தானாகக் குறையத் தொடங்குகிறது. முன்பு முப்பது யூனிட் போட்டவருக்கு இப்போது பத்தே போதும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்; பத்தியத்தின் பலன் என்கிறார் ஒருவர், பிரார்த்தனையின் பலன் என்கிறார் இன்னொருவர். அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இன்சுலினைச் சிதைத்து அகற்றுவதில் சிறுநீரகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை தளர்ந்தபடியால், போட்ட ஊசி போகாமல் நின்று நெடுநேரம் வேலை செய்கிறது. குணமானதன் அடையாளமாகத் தோன்றுவது பல சமயங்களில் வேறொரு நோயின் அறிகுறி. மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்பது இவ்வாறே தேங்கி, நள்ளிரவில் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கி, நோயாளியை நினைவிழக்கச் செய்யக் கூடியது. மெட்ஃபார்மின் நல்ல மருந்துதான், என்றாலும் ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இறங்கியவர் அதை உண்ணலாகாது. பாத எரிச்சலுக்குத் தரும் பிரிகாபாலின், கபாபென்டின் ஆகியவை அநேகமாக முழுவதும் சிறுநீர் வழியே போகிறவை. அளவைக் குறைக்காமல் கொடுத்தால் முதியவர் பகலெல்லாம் உறங்குவார், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். வீட்டார் அதை வயோதிகம் என்று எண்ணி விட்டுவிடுவார்கள்.

"ஆங்கில மருந்துதானே ஆபத்து, மூலிகையில் என்ன தீங்கு?" என்று கேட்பவர்கள் பலர். 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைச் சரக்குகள் உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் விரைவாகச் சுருங்கிப் போயிற்று. ஆராய்ந்தபோது, ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா என்ற இனத்துச் செடி அதில் சேர்ந்திருந்தது தெரிந்தது. நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை. சித்த வைத்தியத்தின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. முறைப்படி கற்ற வைத்தியரிடம் தம் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லி மருந்து பெறுவது வேறு. யாரோ சொன்னார் என்று பற்பத்தையும் செந்தூரத்தையும் வாங்கி உண்பது வேறு. பொட்டாசியம் மிகுந்த இளநீரும், உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் உப்பும், கல்லுக்குத் தரும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்தும்கூடச் சிறுநீரகம் தளர்ந்தவரின் இதயத் துடிப்பைக் கெடுக்கவல்லவை.

இவ்வளவும் கேட்டு, மருந்தென்றாலே அஞ்சி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோர் உண்டு; அது இன்னும் பெரிய அபாயம். சிறுநீரகத்தைக் காப்பதே சில மருந்துகள்தாம். எனலாப்ரிலின் மூத்த உறவான காப்டோப்ரில், நீரிழிவால் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சீர்கேட்டின் வேகத்தைத் தணித்ததை 1993-இல் வெளியான ஆராய்ச்சி நிரூபித்தது. இவ்வகை மருந்தைத் தொடங்கியபின் கிரியேட்டினின் சிறிது ஏறுவது உண்டு. அந்த ஏற்றம் 30 சதவீதத்துக்கு உட்பட்டிருந்தால் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை, தீர்மானம் வைத்தியருடையது. ஆனால் பேதியோ வாந்தியோ கண்டு உடம்பில் நீர் வற்றும் நாட்களில் இம்மாத்திரைகளையும், மெட்ஃபார்மினையும், சிறுநீர் பெருக்கியையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எவற்றை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை உடம்பு நன்றாயிருக்கும்போதே வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நலம்.

ஜென்டாமைசின், அமிக்கசின் போன்ற ஊசிகள், அக்கிக்குத் தரும் அசைக்ளோவிர், தசைப் பிடிப்புக்குத் தரும் பாக்லோஃபென், ஸ்கேன் எடுக்கும்போது நரம்பில் ஏற்றும் சாயம் என்று இன்னும் எத்தனையோ உண்டு. அவற்றையெல்லாம் இங்கே விவரிக்க இடமில்லை, நோயாளி மனனம் செய்யவும் தேவையில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மட்டும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: சில மருந்துகளை இயந்திரமும் வடித்துவிடுவதால், எதை அதற்கு முன் உண்பது, எதைப் பின் உண்பது என்பதை அங்குள்ளவர்களிடம் கேட்டே நடக்க வேண்டும்.

வாசகர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. உங்கள் வீட்டில் நீரிழிவோ, இரத்தக் கொதிப்போ, அறுபதைக் கடந்த வயதோ உள்ளவர் இருந்தால், அவருடைய கடைசி இரத்தப் பரிசோதனைச் சீட்டை இன்றே தேடி எடுங்கள். அதில் ஈ.ஜி.எஃப்.ஆர். எண் இல்லையென்றால் அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணையும், தேதியையும், அவர் உண்ணும் எல்லா மருந்துகளையும், லேகியமும் கஷாயமும் உட்பட, ஒரு சிறு காகிதத்தில் எழுதி அவருடைய சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும், தலைவலிக்கு மருந்துக் கடை வாசலில் நின்றாலும், காசை நீட்டுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை நீட்டச் சொல்லுங்கள்.