புளிக்க வைக்கும் பிளாஸ்டிக் பாண்டங்களின் ஆயுள் எவ்வளவு?

மாவு புளிக்க வைக்காத தமிழ் இல்லம் அரிது. வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுச் சீமைக்கு வந்தவர்களும், போடிமெட்டு, குமுளி வழியே இடுக்கி மலைத் தோட்டங்களில் குடியேறியவர்களும், இட்லிக்கு அரைப்பதையும் ஊறுகாய் போடுவதையும் கைவிட்டார்களில்லை. பழக்கம் மாறவில்லை, பாண்டம்தான் மாறிற்று. மண் கலயமும் கற்சட்டியும் பீங்கான் ஜாடியும் இருந்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் வாளியும் டப்பாவும் கேனும் வீற்றிருக்கின்றன. விலை மலிவு, எடை குறைவு, கை தவறினாலும் உடையாது. தோட்ட லயத்திலும் வாடகை வீட்டிலும் வாழ்ந்து அடிக்கடி இடம் பெயரும் நம்மவர்க்கு இவை பெரிய வசதிகளே. ஆயினும், உடையாத பாண்டம் என்றைக்கும் உழைக்கும் என்று எண்ணுவது பிழை.

மேல்நாடுகளில் பலர் வீட்டிலேயே பீர் தயாரிக்கின்றனர். பிரிட்டனில் 1963-ஆம் ஆண்டு முதல் சொந்த உபயோகத்துக்கு அதற்கு உரிமம் வேண்டுவதில்லை. நம் கேரளத்திலோ, உரிமமின்றி மது தயாரிப்பது அப்காரிச் சட்டப்படி குற்றம். ஆதலின் அந்த வழி நமக்கு வேண்டாம். ஆனால் அவர்கள் புளிக்க வைக்கும் வாளியும் நம் வீட்டு மாவு வாளியும் பெரும்பாலும் ஒரே சரக்கு. 'இவ்வாளி எத்தனை ஆண்டு தாங்கும்?' என்னும் அவர்களுடைய கேள்வி நமக்கும் உரியதே.

சரக்கை அறிக

பாண்டத்தின் அடியில் முக்கோணத்துள் ஓர் எண் பொறித்திருக்கும். 2 என்றால் எச்.டி.பி.இ.; 5 என்றால் பாலிபுரொப்பிலீன். முன்னதை 1953-இல் எளிய முறையில் ஆக்கிக் காட்டியவர் ஜெர்மானியரான கார்ல் சீக்லர். பின்னதற்கு 1954-இல் வழி கண்டவர் இத்தாலியரான ஜூலியோ நாட்டா. இருவரும் 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். புளிப்புக்கும் உப்புக்கும் இவ்விரண்டும் எளிதில் அசையா. எண் 1 உடைய தண்ணீர்ப் பாட்டில் கொதிநீர் பட்டால் நெளிந்து போகும்; அது இவ்வேலைக்கு ஆகாது. எண்ணைக் கொண்டு இன்ன சரக்கு என்றுதான் அறியலாம். உணவுக்கு உகந்ததா என்பதை அது சொல்லாது. கோப்பையும் முட்கரண்டியும் பொறித்த உணவுக் குறி உள்ளதா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.

பாண்டம் கெடுவது எங்ஙனம்?

புளிப்பு என்பது நுண்ணுயிர்களின் வேலை. மாவைப் புளிக்கச் செய்பவை நன்மை தரும் கிருமிகள். ஆனால் கம்பி நாரும் கரண்டி முனையும் பட்டுப் பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களில் வேண்டாத கிருமிகளும் புகுந்து, படலமாய்ப் படிந்து விடுகின்றன. சோப்பும் துணியும் அங்கே எட்டுவதில்லை. அடுத்த ஈடு மாவில் அவையே முந்திக் கொள்கின்றன. கெட்ட வாடையும் வழவழப்பும் வருகின்றன. பழி உளுந்தின் மேல் விழுகிறது!

இரண்டாவது, எண்ணெயும் மணமும். ஊறுகாயின் எண்ணெய் மஞ்சள் நிறத்தையும் காரத்தையும் சுமந்து பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஊறிவிடும். அந்த டப்பாவில் மாவு வைத்தால் இட்லியில் மாங்காய் மணக்கும். மூன்றாவது, வெயில். சூரிய ஒளியில் நெடுநாள் கிடந்த வாளி வெளுத்து, சுண்ணாம்பு போல் பொடி உதிர்ந்து, முறுமுறுவென்று விரிசல் காணும்.

நான்காவது, காற்று. சித்தூர் வட்டாரத் தென்னந்தோப்புகளில் இறங்கும் கள், கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் கேன்களில் பயணம் செய்கிறது. இறக்கிய சில மணி நேரத்தில் அது பொங்கத் தொடங்கும்; கரியமில வாயு பெருகும். மூடியை இறுக முறுக்கினால் கேன் உப்பிப் பொருத்து வாயில் பிளக்கும். மாவுப் பாத்திரத்துக்கும் இதுவே நியதி. மூடியைத் தளர வைத்தல் நலம்.

பாலக்காட்டு வெயிலில் ஓர் இரவில் பொங்கும் மாவு, மூணாற்றுக் குளிரில் மறுநாள் பொழுது ஏறியும் அசையாது கிடக்கும். அதற்காகப் பிளாஸ்டிக் வாளியை அடுப்படியில் ஒட்டி வைப்பவர் உளர். வாளி கோணும், மூடி பொருந்தாது. கம்பளியில் சுற்றி வைப்பதே தக்கது.

காலக் கணக்கு உண்டோ?

இத்தனை ஆண்டு என்று அறுதியிட்டுச் சொல்லும் கணக்கு இல்லை. இரயில் சக்கரத்தைக் கழிக்குமுன் அதன் தேய்மானத்தை அளந்து பார்க்கிறார்கள்; வயதை மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. வாளிக்கும் அம்முறையே பொருந்தும். மென்துணி கொண்டு துலக்கி நிழலில் உலர்த்தும் வீட்டில் பல ஆண்டு இருக்கும். கம்பி நார் புழங்கும் வீட்டில் சில மாதமே.

மாதம் ஒரு முறை மூன்று சோதனை செய்க. நகத்தால் உட்புறம் வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் ஒதுக்குங்கள். நன்கு கழுவி உலர்த்தி, மூடி, ஓரிரவு வைத்துக் காலையில் முகர்ந்து பாருங்கள். பழைய வாடை எழுந்தால் ஒதுக்குங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விரிசலோ வெளுப்போ கண்டால் ஒதுக்குங்கள். ஒதுக்கிய வாளியில் கறிவேப்பிலைக் கன்று வளரட்டும். நெடுநாள் வைக்கும் ஊறுகாய்க்கு மட்டும், மலையாள அன்பர்கள் 'பரணி' என்னும் பீங்கான் ஜாடியையே நாமும் கைக்கொள்வோமாக.

உயிரைக் காக்கும் ஒரு விதி

இவை யாவும் பணச் செலவு பற்றியவை. இனிச் சொல்வது உயிர் பற்றியது. ஏலத் தோட்டங்களில் மருந்து தெளித்துக் காலியான கேன்கள் வலுவாகவும் அழகாகவும் இருப்பதால், அவற்றைக் கழுவித் தண்ணீருக்கும் மோருக்கும் எடுத்துக் கொள்ள ஆசை பிறக்கும். கூடவே கூடாது! ஊறுகாய் மணம் பிளாஸ்டிக்கில் ஊறுவது போலவே நஞ்சும் ஊறும். எத்தனை முறை கழுவினாலும் முழுதும் போகாது. புளித்த பண்டம் நெடுநேரம் அதில் தங்குமாயின், அந்நஞ்சு சிறிது சிறிதாய் உணவில் இறங்கும். காலிக் கலங்களை உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே கூறுகின்றன. பெயிண்ட் வாளிக்கும் ரசாயனக் கேனுக்கும் இத்தடை பொருந்தும்.

தேனி, கம்பம் பக்கமிருந்து நாள்தோறும் ஜீப்பில் தோட்டத்துக்கு வந்து போகும் சகோதரிகளும் குடிநீர்க் கேனை மாற்றிப் போட்டுவிடாமல் பெயர் எழுதி வைத்தல் வேண்டும். படிக்கத் தெரியாத முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில், எழுத்தை விட நிறம் உதவும். உணவுப் பாண்டம் வெள்ளை, மற்றவை வேறு நிறம் என்று இல்லத்தில் ஒரு வழக்கம் ஏற்படுத்துங்கள்.

புதிய வாளி ஒன்றின் விலை, ஒரு நாள் மருத்துவச் செலவுக்கு ஈடாகாது. இந்த ஞாயிற்றுக்கிழமை தாய்மார்கள் தத்தம் அடுக்களையில் உள்ள பாண்டங்களைக் கவிழ்த்து, எண்ணையும் கீறலையும் பார்த்து, ஐயமுள்ளதை அன்றே விலக்குவார்களாக.