கொரியாவில் போர் மூண்டது ஏன்?

1950-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் தேதி விடியற்காலையில் வட கொரியப் படைகள் 38-ஆவது அட்சரேகையைக் கடந்து தெற்கே புகுந்தன. ஒரே மொழியைப் பேசி, பல நூற்றாண்டுகள் ஓர் அரசின்கீழ் வாழ்ந்த மக்கள் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட நேர்ந்தது. போர் அன்று மூண்டதாயினும், அதன் காரணங்கள் அன்று தோன்றியவை அல்ல.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆளுகையில் இருந்தது. உலகப் போரில் ஜப்பான் வீழும் தறுவாயில், 1945 ஆகஸ்டு 10-ஆம் தேதி இரவு, டீன் ரஸ்க், போன்ஸ்டீல் என்னும் இரு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் தேசப் படமொன்றை முன்வைத்து அந்நாட்டை இரண்டாக வகுத்தனர். தலைநகரான சியோல் அமெரிக்கப் பகுதியில் அமைய வேண்டுமென்பதே அவர்கள் கருத்து. ஜப்பானியர் சரணடையும்போது வடக்கே சோவியத் படைகளும் தெற்கே அமெரிக்கப் படைகளும் அவர்களை ஏற்பதற்குச் செய்த தற்காலிக ஏற்பாடு அது. கொரிய மக்களை எவரும் கலந்துகொள்ளவில்லை. மின் நிலையங்களும் பெருந்தொழில்களும் பெரும்பாலும் வடக்கே அமைந்தன. நெல் விளையும் நிலங்கள் பெரும்பாலும் தெற்கே நின்றன.

தற்காலிகக் கோடு எவ்வாறு எல்லையாயிற்று? பொது அரசு அமைக்க வல்லரசுகள் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் நடத்திய பேச்சுகள் முறிந்தன. ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய குழுவிற்கு நம் நாட்டுக் கே.பி.எஸ். மேனன் தலைமை தாங்கினார்; அக்குழுவை வடக்கே அனுமதிக்கச் சோவியத் தரப்பு மறுத்தது. 1948 மே மாதம் தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. ஆகஸ்டில் சிங்மன் ரீ தலைமையில் தென் கொரியக் குடியரசும், செப்டம்பரில் கிம் இல் சுங் தலைமையில் வட கொரிய அரசும் தோன்றின. நாடு முழுவதும் தனக்கே உரியதென்று இரண்டும் உரிமை கொண்டாடின.

பூசல் முற்றிலும் அயலாரால் விளைந்தது என்று கருதுதல் பொருந்தாது. வடக்கில் 1946-இல் நிலச் சீர்திருத்தம் நிகழ்ந்தபின் நிலக்கிழார் பலர் தெற்கே ஓடிவந்தனர். தெற்கே 1948-இல் ஜெஜு தீவிலும் யோசு நகரிலும் எழுந்த கிளர்ச்சிகள் கடுமையாக ஒடுக்கப்பட்டன. 1949-இல் எல்லையெங்கும் மோதல்கள் நிகழ்ந்தன. தலைவர் இருவருமே படைவலியால் நாட்டை ஒன்றாக்க விரும்பினர்.

எனினும், அவர்களை அப்போது தடுத்து நிறுத்தியவை அதே வல்லரசுகளே. ரீ வடக்கே படையெடுத்துவிடக் கூடும் என்று அஞ்சி, அமெரிக்கா அவருக்கு டாங்கிகளைத் தர மறுத்தது. 1949 மார்ச்சு மாதத்தில் கிம் மாஸ்கோ சென்று கேட்டபோது ஸ்டாலின் இசையவில்லை. அவரே 1950-இல் இசைந்தது எதனால்? இடையிலே உலக நிலை மாறியிருந்தது. 1949 ஜூனில் அமெரிக்கப் படைகள் கொரியாவை விட்டு நீங்கின. ஆகஸ்டில் சோவியத் யூனியன் அணுகுண்டைச் சோதித்தது. அக்டோபரில் சீனத்தில் மாவோவின் அரசு அமைந்தது. 1950 ஜனவரியில் அமெரிக்க அமைச்சர் அச்சிசன், தம் நாட்டின் பாதுகாப்பு வரம்பை விளக்குகையில் கொரியாவை அதனுள் சேர்க்கவில்லை. அமெரிக்கா குறுக்கிடாது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. மாவோவின் ஒப்புதலையும் பெறவேண்டும் என்ற நிபந்தனையுடன் ஸ்டாலின் அனுமதி அளித்தார். 1990-களில் வெளிவந்த சோவியத் ஆவணங்களால் இவை தெளிவாயின.

அக்கணிப்புப் பிழைத்தது. சோவியத் பிரதிநிதி வாராதிருந்த வேளையில் பாதுகாப்புச் சபை தென் கொரியாவிற்கு உதவத் தீர்மானித்தது. அமெரிக்கத் தலைமையில் சென்ற படைகள் பின்னர் வடக்கே முன்னேறவே, 1950 அக்டோபரில் சீனமும் போரில் இறங்கியது. இருபது லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1953 ஜூலை 27-ஆம் தேதி போர்நிறுத்தம் கையொப்பமாயிற்று. தாயகம் திரும்ப மறுத்த சுமார் 23,000 போர்க் கைதிகளைக் காக்கும் பொறுப்பை இந்தியப் படை ஏற்றது. அதற்கான நடுநிலை நாடுகள் குழுவிற்கு ஜெனரல் திம்மையா தலைவராயிருந்தார். சமாதான உடன்படிக்கையோ இன்றளவும் ஏற்படவில்லை.

உள்நாட்டுப் பகை போருக்கு விறகாயிற்று. வல்லரசுகளின் போட்டி அதற்குப் படைக்கலங்களையும் துணிவையும் ஈந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் காரணமாகக் கூறுவோர் பாதி உண்மையையே கூறுகின்றனர். அக்கோட்டின் இருபுறமும் பிரிந்த உறவினர் ஒருவருக்கொருவர் ஒரு கடிதம் எழுதவும் இன்று வழியில்லை.