என்ஜினுக்கு முதல் காசா? கழிப்பறைக்கு முதல் காசா?



ரயில் அருங்காட்சியகம் பார்த்திருக்கிறீர்களா? பழைய என்ஜின், பெட்டி, கைகாட்டி, விளக்கு எல்லாவற்றையும் பாதுகாத்து மக்களுக்குக் காட்டும் இடம் அது. சென்னையில் ஐ.சி.எஃப். பக்கம் 2002-லும், திருச்சியில் 2014-லும் திறந்தார்கள். டெல்லி சாணக்யபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977-லேயே திறக்கப்பட்டது.

இந்த மாதிரி இடங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. கையில் இருக்கிற காசு கொஞ்சம். அதை வைத்து துருப்பிடிக்கிற என்ஜினைச் சரி செய்வதா? இல்லை, வர்றவங்களுக்குத் தண்ணீர், நிழல், கழிப்பறை செய்து தருவதா? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என்ஜின் ஏன் காசைத் தின்கிறது?

நீராவி என்ஜினுக்கு உயிர் அதன் கொதிகலன். அதற்குள்ளே நீளமாக நிறைய குழாய்கள் இருக்கும். அடுப்பில் இருந்து வரும் சூடான புகை குழாய் வழியே போகும். குழாயைச் சுற்றி நிற்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவிதான் பிஸ்டனைத் தள்ளி சக்கரத்தை உருட்டுகிறது.

கொதிகலன் துருப்பிடித்து மெலிந்து போனால் அழுத்தம் தாங்காமல் வெடித்துவிடும். பக்கத்தில் நிற்கிறவர் உயிரே போய்விடும். அதனால் ஓட்டுவதற்கு முன்னால் தண்ணீரை நிரப்பி, வழக்கத்தை விட அதிக அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். கெட்டுப்போன குழாய்களை மாற்ற வேண்டும். உதிரி பாகம் கடையில் கிடைக்காது. செய்த கம்பெனியே இப்போது இருக்காது. ஒவ்வொன்றையும் அளவெடுத்துப் புதிதாகச் செய்யணும்.

1855-இல் இங்கிலாந்தில் செய்த 'ஃபேரி குயின்' என்ற என்ஜின் டெல்லி அருங்காட்சியகத்தில் பல வருஷம் சும்மா நின்றது. 1997-இல் அது திரும்ப ஓடியது. அதைச் சரி செய்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னை பெரம்பூர் லோகோ பணிமனையில்தான்!

இங்கிலாந்தில் யார்க் நகர ரயில் அருங்காட்சியகம் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' என்ற என்ஜினை 2004-இல் சுமார் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதைச் சரி செய்ய ஆன செலவோ 42 லட்சம் பவுண்டு! 2006-இல் தொடங்கிய வேலை 2016-இல்தான் முடிந்தது. முதலில் போட்ட கணக்கு இதில் ஒரு சிறு பகுதிதான். உள்ளே பிரிக்கப் பிரிக்கத்தான் எத்தனை பழுது என்று தெரிந்ததாம். பழைய வீட்டுக்கு மராமத்து பார்ப்பது போலத்தான்.

வர்றவங்களுக்கு என்ன வேணும்?

குடிதண்ணீர், கழிப்பறை, உட்கார நிழல், சக்கர நாற்காலி போக சாய்வுப் பாதை. இதெல்லாம் ஆடம்பரம் இல்லை. ஒருமுறை சுற்றுலா போன ஓர் இடத்தில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. நாங்கள் யாரும் மதியம் வரை தண்ணியே குடிக்கலை. அங்கே பார்த்த பொருளில் பாதி எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பூட்டு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

இரண்டும் எதிரியா?

இல்லை. யார்க் அருங்காட்சியகத்தில் 2001 முதல் நுழைவு இலவசம். அங்கே சிற்றுண்டிக் கடை, பொம்மைக் கடை, நன்கொடை எல்லாம் வருமானம் தருகின்றன. நம்ம ஊரில் குட்டி ரயில் ஓட்டி டிக்கெட் போடுகிறார்கள். கூட்டம் வந்தால்தான் காசு வரும். காசு வந்தால்தான் என்ஜின் பிழைக்கும்.

ஆனால் ஊஞ்சலும் ஐஸ்கிரீமும் மட்டும் போதும் என்று விட்டால் அது வெறும் பூங்காவாகிவிடும். பஞ்சாப் பாட்டியாலாவில் 1907 முதல் 1927 வரை ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொன்று ரோட்டில்! நின்றுபோன பிறகு கொட்டகையில் கிடந்ததை 1962-இல் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். இப்போது டெல்லியில் இருக்கிறது. அன்றைக்கு காயலான் கடைக்குப் போயிருந்தால் எத்தனை கோடி கொடுத்தாலும் திரும்ப வருமா?

என்னுடைய கணக்கு

'தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?' என்று ஒவ்வொரு செலவையும் கேட்டுப் பார்த்தேன்.

1. கழிப்பறை, குடிதண்ணீர். இது ஒரு மணி நேரம் கூடத் தள்ளிப்போட முடியாதது.

2. என்ஜினுக்கு மேலே கூரை, எண்ணெய், பெயிண்ட். மழையில் நின்றால் துரு நிற்காது. போன இரும்பு போனதுதான்.

3. எளிய தமிழில் விளக்கப் பலகை. இது இல்லை என்றால் என்ஜின் வெறும் இரும்புதான்.

4. ஏதாவது ஒரே ஒரு என்ஜினை ஓட வைப்பது. கூரைக்குக் கீழே இருந்தால் மற்ற என்ஜின்கள் காத்திருக்கும். ஆனால் வேலை தெரிந்தவர்கள் காத்திருக்க முடியாது. நம் நாட்டு அகலப்பாதையில் நீராவி ரயில்கள் 1995-இல் நின்றுவிட்டன. அந்த வேலை தெரிந்த தாத்தாக்கள் இருக்கும்போதே இளையவர்கள் கற்றுக்கொள்ளணும்.

5. கடை, விளையாட்டு.

"கடை போட்டால்தானே காசு வரும், அதைக் கடைசியில் வைத்தாயே?" என்று என் தோழி சண்டைக்கு வந்தாள். அவள் சொல்வதும் சரிதான். கடையில் வரும் லாபத்தில் என்ஜினுக்கு எவ்வளவு போகிறது என்று வாசலில் போர்டில் எழுதிப் போட்டால், அதை மூன்றாவது இடத்துக்கு மாற்ற நான் தயார்.

வாசகர்களே, உங்கள் வரிசை என்ன? ஒரு தாளில் காரணத்தோடு எழுதி சுவரிதழ் பெட்டியில் போடுங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி