தேனீச் சங்கத்துக்கு நிதி: சீட்டிழுப்பு வேண்டாம், தேனை முன்கூட்டி விற்கலாம்

மலையகத்தில் தேனீ என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தேன் அல்ல, கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட தொழிலாளர்களைப் பற்றிய செய்திதான். அந்தச் செய்திகளில் வரும் குளவி பல வேளைகளில் குளவியே அல்ல. உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் திறந்த வெளியில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ அது. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். பெட்டியில் வளர்ப்பது வேறு இனம். உருவத்தில் சிறியது, பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டுவது. தேனீ வளர்ப்போர் சங்கம் ஒன்று உதவி கேட்டு ஹட்டனிலோ தலவாக்கலையிலோ உள்ள ஒரு கடைப் படியேறினால், முதலாளி முதலில் கேட்பது “இது ஆளைக் கொல்லாதா?” என்றுதான். அந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாத சங்கம் பணம் திரட்ட முடியாது.

அடுத்த கேள்வி, பணம் எதற்கு என்பது. பெட்டி, புகையூதி, முகவலை இவற்றை உறுப்பினர் ஒவ்வொருவரும் மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம். சங்கமாகச் சேர்ந்து வாங்க வேண்டியவை வேறு: அடையைக் கசக்காமல் சுழற்றித் தேன் எடுக்கும் இயந்திரம், தேனிலுள்ள ஈரத்தை அளக்கும் கருவி, புதிய கண்ணாடிப் போத்தல்கள், லேபல். லயத்தில் குடியிருப்பவருக்குச் சொந்தக் காணி இல்லை என்பதால், பெட்டி வைக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியையும் சங்கமே பெற வேண்டியிருக்கும்.

தேயிலை மலை முழுக்கத் தேன் கிடைக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. கொழுந்து பறித்துக்கொண்டே இருக்கும் செடி பூப்பது அரிது. தேனீக்கு உணவு கொடுப்பது தோட்டத்து விறகுக் காட்டில் நிற்கும் யூகலிப்டஸ், அதாவது நம் ஆட்கள் டர்பன்டைன் என்று சொல்லும் மரம். நிழலுக்கு நட்ட சவுக்கும் அதற்கு உதவும். ஆகவே தேன் வருடம் பூராவும் வருவதில்லை. பூக்காலத்தில் வரும், மற்ற மாதங்களில் பெட்டியைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. செலவு முன்னே, வரவு பின்னே என்ற தொழில் இது. சங்கத்தின் பணக் கஷ்டம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்ப வழக்கமாக மூன்று வழிகளைப் பார்க்கிறோம். ஒன்று சீட்டிழுப்பு. டிக்கட் அடித்து, முதல் பரிசு சைக்கிள் என்று விற்பது. நல்ல காரியத்துக்கு என்றாலும் சூதாட்டத்தின் தன்மை மாறுவதில்லை. நம் வர்த்தகர்கள் சங்கடத்துக்காக டிக்கட்டை வாங்கிக் கிழித்துப் போடுவதை விட, வேண்டாம் என்று சொல்லி வேறு வழி காட்டுவது நல்லது. இரண்டாவது நுண்கடன். அதன் வட்டி மலையகப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை நான் இங்கே விவரிக்கத் தேவையில்லை. மூன்றாவது நன்கொடை. அதில் தவறில்லை, ஆனால் இரண்டாவது வருடமும் அதே கடைக்குப் போனால் முதலாளி பின்கதவால் போய்விடுவார்.

நான் சொல்ல விரும்புவது நான்காவது வழி. அது புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் பேரீச்சம்பழத்துக்கு ஓரிரு வருடங்கள் முன்பே பணம் கொடுத்து வந்தார்கள். அதை அவர்கள் தடுக்கவில்லை; அளவு, நிறை, தவணை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே ஸலம் எனும் முன்கொடுப்பு வியாபாரம். வருமானம் பின்னால் வரும் விவசாயிக்காகவே அமைந்த ஏற்பாடு. தேனுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். அறுவடை நேரத்தில் கிலோ 3000 ரூபா போகும் தேனை, இன்று 2400 ரூபாவுக்கு 50 கடைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு கிலோ வீதம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தின் கையில் 240,000 ரூபா, வட்டியில்லாமல். கடைக்காரருக்கு அறுவடையின்போது மலிவு விலையில் சுத்தமான தேன். இது தர்மமும் அல்ல, கடனும் அல்ல, வியாபாரம்.

நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். பணம் முழுவதும் ஒப்பந்தத்தின்போதே கொடுபட வேண்டும். பாதி இன்று, பாதி பிறகு என்பது ஸலம் ஆகாது. இன்ன மரத்தின் பழம் என்று ஸலம் செய்யக்கூடாது என்பது உலமாக்களின் விளக்கம், ஏனெனில் அந்த மரம் காய்க்காமல் போகலாம். அதேபோல் “ஐந்தாம் நம்பர் பெட்டித் தேன்” என்று எழுதக்கூடாது. தேனின் தரமும் நிறையும்தான் எழுதப்பட வேண்டும். மேல்நாடுகளில் “ஒரு கூட்டைத் தத்தெடுங்கள்” என்று பணம் சேர்க்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அதை இங்கே நடத்துவதானால் அன்பளிப்பா, கூட்டு முதலீடா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர் தேன் கைக்கு வருமுன் அந்தத் துண்டை இன்னொருவருக்கு விற்கவும் கூடாது.

அளவைப் போத்தலில் அல்ல, கிலோவில் எழுதுங்கள். 750 மில்லிலீட்டர் போத்தலில் தேன் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம் பிடிக்கும்; வீண் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். போத்தல் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பாதையோரத்தில் பழைய சாராயப் போத்தலில் தேன் விற்கிறார்கள். எவ்வளவு கழுவினாலும் நம் வீட்டுப் பெண்கள் அதைத் தொடமாட்டார்கள். புதிய போத்தலுக்குச் செலவழிக்கும் காசு வீண் போகாது.

தரத்தை நிரூபிப்பதும் அப்படித்தான். தீக்குச்சியைத் தோய்த்துப் பற்றவைப்பது, தண்ணீரில் சொட்டு விடுவது எல்லாம் நம்பத்தக்க சோதனைகள் அல்ல. கெட்டியான சீனிப்பாகும் அவற்றில் தேறிவிடும். சர்வதேச கோடெக்ஸ் தரத்தின்படி தேனில் ஈரம் பொதுவாக 20 வீதத்தையும், சாதாரண சீனி 5 வீதத்தையும் தாண்டக்கூடாது. ஈரத்தைக் கையடக்கக் கருவியாலேயே பார்த்துவிடலாம். சீனிக்கு ஆய்வுகூடம் வேண்டும்.

இப்படி நடக்குமா என்பவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைப் பார்க்கலாம். 1920களில் வை.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹேட்ச் என்பவர் அங்கே ஏழை விவசாயிகளுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். பின்னர் தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் உருவானது. உறுப்பினரின் தேனை வாங்கி, பதப்படுத்தி, ஒரே பெயரில் விற்றார்கள். மார்த்தாண்டம் தேன் என்றால் தமிழ்நாடு முழுவதும் தெரியும். சங்கம் நின்றது தேன் விற்ற காசில்.

சில்லறை வருமானங்களும் உண்டு. கடைச் சுவரிலோ கூரையிலோ சிறிய தேனீ கூடு கட்டினால் மருந்தடித்துக் கொல்லாமல் சங்கத்தை அழைத்துக் கூலி கொடுங்கள். அவர்களுக்குக் கூலியும் கிடைக்கும், புதிய கூட்டமும் கிடைக்கும். டிசம்பர் முதல் மே வரை ஸ்ரீபாத யாத்திரைக்காரர்கள் ஹட்டன் வழியாகப் போகிறார்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன். றமழானில் நம் வீடுகளில் தேன் செலவாகும். இந்த மூன்றுக்கும் உங்கள் கடையில் ஒரு தட்டை ஒதுக்குவதற்குப் பெரிய மனது தேவையில்லை.

ஸகாத் பற்றியும் கேட்பார்கள். ஸகாத்தைச் சங்கத்தின் இயந்திரத்துக்கோ கட்டடத்துக்கோ கொடுப்பதை உலமாக்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. தகுதியுள்ள ஒரு ஏழை முஸ்லிமுக்குப் பெட்டியைச் சொந்தமாக்கிக் கொடுக்கலாம். சங்கத்தில் பெரும்பாலோர் நம் தமிழ்ச் சகோதரர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்கு ஸதகா தாராளமாகக் கொடுக்கலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை. பெட்டி செய்வது, பிரிப்பது பற்றிய பயிற்சிக்கு பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக, தேன் வராவிட்டால்? நம் தேனீ பசி வந்தால் பெட்டியை விட்டுக் கூட்டத்தோடு போய்விடும். 1991-92 இல் தென்னிந்தியாவில் புழுக்களைத் தாக்கிய வைரஸ் நோயில் மார்த்தாண்டத்துப் பெட்டிகளே காலியாகின. ஆகவே சங்கம் போன வருட அறுவடையில் பாதிக்கு மேல் முன்கூட்டி விற்கக்கூடாது. தவணைக்குத் தேன் இல்லையென்றால், வாங்கியவர் அடுத்த பூக்காலம் வரை பொறுக்கலாம், அல்லது கொடுத்த பணத்தை மட்டும் திருப்பி எடுக்கலாம்; மேலதிகமாக ஒரு சதமும் கேட்க முடியாது. இதை ஒப்பந்தத் துண்டிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகே பணத்தை எண்ண வேண்டும்.