பாறையின் பெயரும் வயதும்

புதிதாக ஒருவரைக் கண்டால் ஊர், பேர், வயது ஆகியவற்றைக் கேட்டறிவது உலக வழக்கு. பாறைகளையும் நிலநூல் அறிஞர் இவ்வாறே விசாரிக்கின்றனர்.

அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா ஆகிய மாநிலங்களில் பரந்து கிடப்பது மொஹாவிப் பாலைவனம். அங்குள்ள மலைகள் தனித்தனியே நிற்பவை. இடையே அகன்ற பள்ளத்தாக்குகள் உண்டு. அம்மலைகள் பலவற்றில் ஒரு பாறையடுக்கு காணப்படுகின்றது. எரிமலை கக்கிய கொதிக்கும் சாம்பலும் நுரைக்கல்லும் வெள்ளமெனப் பாய்ந்து, படிந்து இறுகியதே அது.

பாறைக்குப் பெயர் சூட்டுவதற்கு முறை உண்டு. அது நன்கு வெளிப்பட்டிருக்கும் இடத்தின் பெயர் முன்னும், பாறையின் வகை பின்னும் வரும். இடத்தையும் இயல்பையும் விவரித்து வெளியிட்ட பின்னரே பெயர் செல்லும். அரிசோனாவிலுள்ள பீச் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரை ஒட்டி, இவ்வடுக்குக்குப் பீச் ஸ்பிரிங்ஸ் சாம்பற்பாறை என்னும் பெயர் 1974-ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது.

ஆனால், ஒரு மலையில் உள்ளதும் தொலைவிலுள்ள மற்றொரு மலையில் உள்ளதும் ஒரே பாறைதான் என்பது எவ்வாறு தெரியும்? நிறத்தை நம்புவதற்கில்லை. இதற்கு இரண்டு சான்றுகள் உதவின. ஒன்று, இப்பாறையில் மிகுந்து காணப்படும் ஸ்பீன் என்னும் படிகம். மற்றொன்று, காந்தத் திசை. சாம்பல் குளிரும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய பூமியின் காந்தத் திசையைப் பதிவு செய்துவிடுகின்றன. இப்பாறையில் அத்திசை வழக்கத்துக்கு மாறானது. இவற்றைக் கொண்டு 1980-களில் ஆராய்ந்தபோது, கலிபோர்னியாவின் பார்ஸ்டோ அருகிலிருந்து அரிசோனாவின் கொலராடோ பீடபூமி வரை, சுமார் 350 கிலோமீட்டர் தூரம், பரவிக்கிடப்பது ஒரே பாறை எனத் தெளிவாயிற்று.

வயதைச் சொல்வது பொட்டாசியம். அதன் ஒரு சிறு பகுதி கதிரியக்கமுடையது. 125 கோடி ஆண்டுகளில் அப்பகுதியில் பாதி சிதைந்து, ஒரு பங்கு ஆர்கான் வாயுவாகிப் படிகத்துள் தங்கும். அவ்வாயுவை அளந்தால் பாறை குளிர்ந்த காலம் புலனாகும். எனினும், தொடக்கத்தில் இடத்துக்கு இடம் வெவ்வேறு வயது கிடைத்தது. பாய்ந்து வந்த சாம்பல் வழியிலிருந்த பழைய பாறைத் துகள்களையும் வாரிக்கொண்டு வந்ததே இதற்கு ஒரு காரணம். 1990-இல் படிகங்களை லேசர் ஒளியால் உருக்கி அளந்தபோது 1 கோடியே 85 இலட்சம் ஆண்டு என்றும், 2013-இல் மேலும் திருத்தமாக ஏறத்தாழ 1 கோடியே 88 இலட்சம் ஆண்டு என்றும் கண்டனர்.

அதே 2013-இல், இச்சாம்பலைக் கக்கிய எரிமலைவாய் அரிசோனாவின் ஓட்மன் அருகே இருந்தது எனவும் அறிவிக்கப்பட்டது. நிலம் இழுபட்டுப் பிளந்ததால் அவ்வாயே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது.

இவ்வளவு உழைப்பும் எதற்கு? ஒரே வெடிப்பில் படிந்த அடுக்கு, எங்கே காணப்பட்டாலும் ஒரே காலத்தைக் குறிக்கும். அது சாய்ந்திருந்தால், நிலம் சாய்ந்தது அதன் பின்னர் எனலாம். அதற்குக் கீழுள்ள அடுக்குகள் மட்டும் மிகுதியாகச் சாய்ந்திருந்தால், அசைவு முன்னரே தொடங்கியது எனலாம். பெயரோ வயதோ பிழைபட்டால், அப்பாலை மலைகள் உருவான வரலாறு முழுவதுமே முன்பின்னாக மாறிவிடும்.