மடிப்பதும் பிரிப்பதும்

எங்கள் வீட்டு பீரோவின் மேல் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது. தலை வராத முயல், இறக்கை கிழிந்த கொக்கு, என்ன செய்ய நினைத்தேன் என்று எனக்கே மறந்துபோன ஒன்று என நான் முடிக்காமல் விட்ட காகித உருவங்கள் அதில் கிடக்கின்றன. நன்றாக வந்தவற்றை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். வராதவைதான் என்னிடம் தங்கிவிட்டன.

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஒரிகாமி எனப்படும் காகித மடிப்புக் கலை கடந்த ஏழு ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. ஒரு ஜூன் மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய பிரவுன் ஷீட்டில் ஒரு பையன் கத்திக்கப்பல் செய்தான். சின்ன வயதில் நானும் செய்ததுதான். கேட்டு வாங்கி முயன்று பார்த்தேன், கை மறந்துவிட்டிருந்தது. அவன் இரண்டு முறை செய்து காட்டியும் எனக்கு வரவில்லை. "பரவாயில்ல டீச்சர், மெதுவா பண்ணுங்க" என்றான். நான் அவர்களிடம் சொல்லும் அதே தொனி. அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து செய்து முடித்துவிட்டுத்தான் தூங்கினேன். அப்படித் தொடங்கியது.

இந்தப் பொழுதுபோக்குக்குச் செலவு அதிகமில்லை, எரிச்சல் உண்டு. முதல் எதிரி மின்விசிறி. மே மாதத்தில் அதை நிறுத்திவிட்டு வியர்வை வழிய மடித்தால் கை ஈரம் காகிதத்தில் ஏறும். மழைக்காலத்தில் காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நமத்துப்போகும், போட்ட மடிப்பு நிற்காது. கிளேஸ் பேப்பர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டு முறை திருப்பி மடித்தால் வண்ணம் உரிந்து வெள்ளைக் கோடு தெரியும். நம் கைக்கு எட்டுவதில் பிரவுன் ஷீட்தான் நல்லது என்பது என் அனுபவம். எத்தனை முறை பிரித்து மடித்தாலும் எளிதில் கிழியாது.

காகிதத்துக்கும் மரம்போல இழையோட்டம் உண்டு என்பதையும் தப்புத்தப்பாக மடித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், ஏறக்குறைய நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். இழையோடு மடித்தால் மடிப்பு சீராக விழும், இழைக்குக் குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும் மடிப்பு சரியாக வரவில்லை என்றால், குறை கையில் இல்லாமல் காகிதத்தில் இருக்கலாம்.

ஒரிகாமி வரைபடங்களில் கோடுகளும் அம்புக்குறிகளும்தான் மொழி. இந்தக் குறியீட்டு முறைக்கு அடித்தளம் போட்டவர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா யோஷிசாவா (1911–2005). தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இளம் ஊழியர்களுக்கு வடிவியல் கற்பிக்கக் காகிதத்தை மடித்துக் காட்டியவர் அவர். ஆகவே அவரை நம் இனம் என்றே சொல்லிக்கொள்வேன். வெறும் சிறுகோடுகள் என்றால் பள்ள மடிப்பு. கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் மேட்டு மடிப்பு.

அந்த முயலின் 23-வது படத்தில் பதினொரு நாள் நின்றேன். இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு இருபது நிமிடம் உட்காருவேன். அதே படத்தைப் பார்ப்பேன், அதே இடத்தில் நிற்பேன். ஒருநாள் என் மகள் எட்டிப் பார்த்து, "அதான் படத்துல தெளிவா போட்டிருக்கேம்மா" என்றாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! தெளிவாகப் போட்டிருப்பது எனக்கும் தெரிகிறது, தெரிந்தும் கை போகவில்லை.

அந்த வாரம்தான் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவனிடம், "எத்தனை தடவைடா சொல்றது?" என்று கேட்டிருந்தேன். முழுக்களின் கழித்தல் பாடம். மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்தவன். கரும்பலகையில் நான்கு முறை அதே கணக்கை அதே சொற்களில் போட்டிருந்தேன், அதாவது அதே படத்தை நான்கு முறை காட்டியிருந்தேன். மகளிடம் கோபப்பட்ட இரவில் இது நினைவுக்கு வந்து உறக்கம் கெட்டது.

மறுநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த இடத்துல நிக்குது?" என்று மட்டும் கேட்டேன். முதலில் பேசவில்லை. பிறகு 5 – (–3) என்பதில் இரண்டாவது கழித்தல் குறியின் மேல் விரலை வைத்து, "இது கழிக்கச் சொல்லுதா, இல்ல நம்பரோட குறியா டீச்சர்?" என்றான். நான் நான்கு முறை விளக்கியதில் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. என் முயலும் ஏறக்குறைய இப்படித்தான். மேட்டு மடிப்புக் கோட்டைப் பள்ள மடிப்பு என்று வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவனுக்குக் காகித மடிப்பு பிடித்துப்போய்க் கணக்கில் முதலிடம் வந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். "இது எனக்குப் பிடிக்கல டீச்சர்" என்று நேராகவே சொல்லிவிட்டான். கழித்தல் குறியைத் தாண்டினான், அடுத்து பின்னத்தில் நின்றான். அங்கேயும் போய் எந்த இடம் என்று கேட்டேன்.

"சிலபஸை முடிக்கவே நேரமில்ல, உங்களுக்கு மட்டும் எப்படி?" என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காகிதத்தை நான் தனிப் பாடவேளையாக எடுப்பதில்லை, பாடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன். பிதாகரஸ் தேற்றத்துக்கு நான் செய்வது இதுதான். 24 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை பிரவுன் ஷீட்டில் வெட்டுங்கள். மேல் விளிம்பின் நடுப்புள்ளியைக் குறித்து, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்தப் புள்ளியில் பொருத்தி மடியுங்கள். வலப்பக்கம் ஒரு செங்கோண முக்கோணம் உருவாகும். அதன் ஒரு பக்கம் 12 செ.மீ., இன்னொரு பக்கம் தெரியாது. அதை a என்று கொண்டால் கர்ணம் 24 – a, ஏனென்றால் இரண்டும் சேர்ந்ததுதான் பழைய வலது விளிம்பு. 144 + a² = (24 – a)² என்று போட்டால் a = 9. முக்கோணம் 9, 12, 15. மடிந்து மேலே வந்த கீழ் விளிம்பு இடது விளிம்பைக் கடக்கும் இடத்தில் இன்னொரு முக்கோணம் இருக்கும். அது முதலாவதோடு வடிவொத்தது: 12, 16, 20. அதாவது 24 செ.மீ. விளிம்பை மேலிருந்து 16-இல் வெட்டுகிறது. அளவுகோலே இல்லாமல் சதுரத்தின் பக்கம் மூன்றில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஜப்பானிய உயிரியல் பேராசிரியர் கசுவோ ஹாகாவின் பெயரால் இதை ஹாகா தேற்றம் என்கிறார்கள்.

காகிதத்தில் வடிவியல் சொல்வது நமக்குப் புதிதல்ல. டி. சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பு வழியாக வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை 1893-இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். அதன் வழியாக அமெரிக்காவுக்குத் தெரிந்து 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. மழலையர் பள்ளிக்கான வண்ணக் காகிதச் சதுரங்களில் இருந்துதான் தமக்கு இந்த யோசனை வந்தது என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு இருந்தும் இடையில் நான்கு மாதம் காகிதத்தைத் தொடவே இல்லை. ஆண்டு விழா மேடைக்கு 300 காகிதப் பூக்கள் வேண்டும், உங்களுக்குத்தான் கை வந்த கலை ஆயிற்றே என்றார்கள். மறுக்கத் தோன்றவில்லை. மூன்று இரவு, ஒரே பூ. அடுப்பில் வைத்த குழம்பு அடிபிடித்தது. விழாவில் மேடையிலேயே பெயர் சொல்லிப் பாராட்டினார்கள், குறையொன்றுமில்லை. ஆனால் மறுநாள் துப்புரவுப் பணியாளர் அக்கா அந்தப் பூக்களைச் சாக்கில் அள்ளியபோது எனக்கு வருத்தமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பத்தாவது பூவுக்கு மேல் அதில் தவற விடுவதற்குக்கூட எதுவுமில்லை. நம் பள்ளிகளில் பாடத் தெரிந்த ஆசிரியர், கோலம் போடத் தெரிந்த ஆசிரியர், படம் வரையத் தெரிந்த ஆசிரியர் எல்லாருக்கும் இப்படி ஒரு 300 பூ வந்திருக்கும். இப்போதெல்லாம் இருபது பூ செய்துதருகிறேன், மீதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மறுபடி தொட வைத்தது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கேள்வி. "நடுவுல வைக்காம, வலது மூலைலேர்ந்து கால் பங்குல வச்சு மடிச்சா என்ன வரும் டீச்சர்?" எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அன்று இரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு சதுரம் வெட்டினேன். இடது விளிம்பில் மேலிருந்து 9.6 செ.மீ. வந்தது. 24-இல் ஐந்தில் இரண்டு பங்கு. பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கி முயலையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

காலையில் அவளிடம் விடையைச் சொல்லவில்லை, வெட்டிய சதுரம் ஒன்றைக் கொடுத்தேன். மதிய உணவு இடைவேளையில் கால் பங்கையும் முடித்து, முக்கால் பங்கையும் மடித்துக்கொண்டு வந்தாள். 20.6-க்குக் கொஞ்சம் குறைவாக வருகிறதாம். தான்தான் தப்பாக மடித்துவிட்டோமோ என்று சந்தேகம். இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து 24-ஐ ஏழால் வகுக்கத் தொடங்கினோம்.