உங்களுக்குத் தெரியுமா? கணக்கெடுத்ததால் பிழைத்த குழந்தைகள்

● 1973 ஜூன் முதல் 1981 டிசம்பர் வரை, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரிலுள்ள விக்டோரியா ஜூபிலி மருத்துவமனையில் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் இருந்த குழந்தைகளை டாக்டர் கிரஹாம் செர்ஜன்ட் குழுவினர் விடாமல் பின்தொடர்ந்து, அவர்களுக்கு வந்த ஒவ்வொரு நோவையும் பதிவு செய்தார்கள். சின்னஞ்சிறு குழந்தைகள் பலர், மண்ணீரலில் திடீரென ரத்தம் தேங்கி, சில மணி நேரத்திலேயே இறந்துபோவது அந்தப் பதிவுகளில்தான் தெளிவாகத் தெரிந்தது.

● அதற்கு அவர்கள் கண்ட வழி, தாயின் விரல்கள்! குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்திப் பார்க்க அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மண்ணீரல் வீங்கித் தட்டுப்பட்டாலோ, குழந்தை வெளிறிப்போனாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். வந்ததும் ரத்தம் ஏற்றுவார்கள். இப்படி மண்ணீரலில் ரத்தம் தேங்கி நேர்ந்த சாவு விகிதம் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்தது. புது மருந்து எதுவும் வரவில்லை.

● அமெரிக்காவில் அரிவாள் செல் நோயுள்ளவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்பது மதிப்பீடுதான். சரியான விவரம் தேடி, 2015-இல் கலிபோர்னியா, ஜார்ஜியா மாநிலங்களில் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பிறந்தபோது செய்த ரத்தப் பரிசோதனை, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துபோன விவரம், மருத்துவக் காப்பீட்டுக் கணக்கு, இறப்புச் சான்றிதழ் என்று தனித்தனியே கிடந்தவற்றை ஆள்வாரியாக இணைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் மருத்துவரிடம் காட்டும் வயதைத் தாண்டிய இளைஞர்கள், வலி வரும்போதெல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பெரியவர்களுக்கான சிகிச்சை இடம் எவ்வளவு குறைவு என்பதும் புலப்பட்டது. 2016-இல் அந்நகரின் தென்பகுதியில் அவர்களுக்கென்றே ஒரு கிளினிக் திறந்தார்கள்.

● இந்தியாவில் இந்த அரிவாள் செல் முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று நம் நீலகிரி! 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களிடம் இதைக் கண்டார்கள்.

● 2023 ஜூலை 1-இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. தமிழ்நாடும் இதில் உண்டு. எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதோடு பதிவேட்டை மூடிவிடக் கூடாது. நோயுள்ளவருக்கு ஹைட்ராக்சியூரியா மருந்து மாதாமாதம் கிடைக்கிறதா, வலி வந்தபோது எங்கே போனார் என்பதும் அதில் ஏறியாக வேண்டும்.

● சோதித்துக்கொண்டவர்களுக்கு, முடிவைக் குறித்த அட்டை தருகிறார்கள். பத்திரப்படுத்துங்கள். கணவன், மனைவி இருவரிடமும் இந்த மரபணு ஒன்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவரிடம் மட்டும் இருந்து, மற்றவருக்கு அதுவோ அதுபோன்ற வேறு ரத்த மரபணுக் குறையோ அறவே இல்லையென்றால் பிள்ளைக்கு இந்த நோய் வராது. கல்யாணம் பேசும்போது இரண்டு அட்டைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடலாம்.